ஜெர்மனியில் சிம் கார்டும் வீட்டு நெட்டும்: கொங்குப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கோவை, பெருந்துறை, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் இன்ஜினியரிங் முடித்து ஜெர்மனிக்குக் கிளம்புகிறவர்கள் விசா, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முடக்கி வைத்து மாதாமாதம் விடுவிக்கும் கணக்கு), இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல் போட்டு வைத்திருப்பார்கள். நெட் விஷயம் மட்டும் "அங்க போயிப் பாத்துக்கலாமுங்க" என்று நிற்கும். ஊரில் ஆதாரைக் காட்டி விரல் வைத்தால் சிம் கையில். லோக்கல் கேபிள்காரருக்குப் போன் போட்டால் ஓரிரு நாளில் ஃபைபர் வீட்டுக்குள். ஜெர்மனியில் சிம்முக்கே அடையாளச் சரிபார்ப்பு, வீட்டு நெட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு, அவசரத்தில் போட்ட ஒரு கையெழுத்துக்கு 24 மாதச் சந்தா.

எங்கள் யோசனை இதுதான். முதல் இரண்டு மூன்று மாதம் பிரீபெய்டிலேயே ஓட்டுங்கள். தங்கும் வீடு நிலையான பிறகு, அந்தக் கட்டடத்துக்குள் எந்த வயர் வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற இணைப்பை எடுங்கள். கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்தால் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் போகும்.

கிளம்பும் முன்: இந்திய எண்ணை உயிரோடு வைப்பது

பேங்க் ஓடிபி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்தப் பத்து இலக்க எண்ணில்தான் தொங்குகின்றன. அதை அப்பாவின் பழைய போனில் போட்டுவிட்டுப் போவது பலரும் செய்வது. ஆனால் பேங்க் ஆப்களும் யுபிஐ ஆப்களும் சிம் அதே போனில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் திறக்கும். புதுப் போனில் பதிவு செய்யும்போது அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதனால் சிம் உங்களோடுதான் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை வரிசையாக:

1. இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றாதீர்கள், பிளாஸ்டிக் சிம்மாகவே வையுங்கள். இ-சிம் இருக்கும் போன் உடைந்தால் வெளிநாட்டிலிருந்து அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் முடிந்தது. ஜெர்மன் எண்ணை இ-சிம்மாக எடுத்துக்கொள்ளலாம்.

2. சிம் பழையதாக, தேய்ந்து இருந்தால் ஒரு மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றிய முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். விமானம் ஏறும் வாரத்தில் இதைச் செய்தால் பணம் அனுப்ப முடியாமல் தவிக்க நேரும்.

3. இன்டர்நேஷனல் ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே ஆப்பில் ஆன் செய்யுங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குக் காசு இல்லை. கால் எடுத்தால், டேட்டா ஓடினால் காசு. அதனால் அந்த சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து கால் வந்தால் எடுக்காமல் விடுங்கள்.

4. ரீசார்ஜ் முடிந்த சிம்மில் ஓடிபி நிற்கும். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்களை நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்றும், ஸ்பெஷல் ரீசார்ஜ்களுக்கு 365 நாள் வரை வேலிடிட்டி தரலாம் என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. ஒரு வருஷத்து பேச்சு பிளானைப் போட்டுவிட்டுப் போவதுதான் நிம்மதி. சும்மா 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் கம்பெனி எண்ணையே பறித்துவிடலாம். அது வேறொருவர் கைக்குப் போய்விட்டால் மீட்க வழியில்லை.

5. யுபிஐயை ஊரிலேயே, கொண்டுபோகும் போனிலேயே பதிவு செய்து ஒரு தடவை பணம் அனுப்பிப் பாருங்கள். வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023-ல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ முதலில் அனுமதித்த 10 நாடுகளில் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் உண்டு, ஜெர்மனி இல்லை.

பேங்கின் 1800 எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. பிளஸ் 91-ல் தொடங்கும் எண்ணைத் தேடி இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

போன் அங்கே எடுக்குமா?

எடுக்கும், ஆனால் அரைகுறையாக எடுக்கலாம். ஜெர்மனியில் 4ஜிக்குப் பயன்படும் பேண்டுகள், அதாவது அலைவரிசைகள், 1, 3, 7, 8, 20, 28. இந்தியாவில் விற்கும் சில மாடல்களில் 20 இருக்காது. 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த பேண்டுதான் கட்டடத்துக்குள்ளும் கிராமத்துப் பக்கமும் எட்டுவது. நகரத்தில் தெரியாது; ரயிலில் ஊருக்கு வெளியே போனதும், கெல்லர் என்கிற நிலத்தடி அறைக்குள் இறங்கியதும் தெரியும். செட்டிங்ஸில் போனின் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் பேண்டு பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இந்திய மாடலும் ஐரோப்பிய மாடலும் வேறு வேறாக இருக்கும். பெயரைப் பார்க்காமல் மாடல் எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேச்சும் போகும் வசதி. ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே நின்றுவிட்டது. வோல்ட்டி வேலை செய்யாத போன், பேசும்போது 2ஜிக்கு இறங்கும். பேச்சு போகும், நெட் நிற்கும். சோதிப்பது எளிது: ஜெர்மன் சிம் போட்டதும் ஒரு கால் செய்து மேல்பட்டையைப் பாருங்கள். 4ஜி என்றிருந்தது பேசத் தொடங்கியதும் 'E' என்று மாறினால் வோல்ட்டி இல்லை. 2ஜியையும் 2028-ல் நிறுத்தப்போவதாக டெலிகாம் என்கிற ஜெர்மன் நெட்வொர்க் அறிவித்திருக்கிறது. புதுப் போன் வாங்கும் யோசனை இருந்தால், ஊரில் வாங்காமல் அங்கே போய் வாங்குவதே நல்லது.

இறங்கிய நாள்

விமான நிலையக் கடையில் சிம் விலை கூடுதல். அதற்குப் பதிலாக டேட்டா மட்டும் உள்ள பயண இ-சிம் ஒன்றை ஊர் வைஃபையிலேயே இறக்கி, ஜெர்மனியில் இறங்கியதும் ஆன் செய்யுங்கள். 5 ஜிபி இருந்தால் முதல் வாரத்தைத் தாண்டலாம். இதில் ஜெர்மன் எண் கிடைக்காது. வாட்ஸ்அப் உங்கள் இந்திய எண்ணிலேயே ஓடும்; அதை மாற்றத் தேவையில்லை. பல்கலைக்கழக மாணவர்களானால் எஜுரோம் என்கிற பல்கலைக்கழகங்களுக்கான பொது வைஃபையை முதல் நாளே வளாகத்தில் வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். யூசர்நேமில் பல்கலைக்கழகத்தின் டொமைன் வரை முழுதாகப் போட வேண்டும். பவேரியா மாநிலத்தில் பேயர்ன்-வ்லான் என்ற இலவச அரசு வைஃபை பல இடங்களில் கிடைக்கும்.

பிரீபெய்ட் சிம்

பெரிய நெட்வொர்க் மூன்று: டெலிகாம், வோடஃபோன், ஓ2. நான்காவதாக 1&1 வந்திருக்கிறது. இவற்றின் டவர்களிலேயே ஓடும் மலிவு பிராண்டுகள் பல. ஆல்டி டாக் ஓ2-வில் ஓடும், லிடில் கனெக்ட் வோடஃபோனில், காங்ஸ்டார் டெலிகாமில். பேருக்குக் காசு கொடுக்காமல் டவரைப் பார்த்து எடுங்கள். பெரிய நகரத்தில் மூன்றும் பரவாயில்லை. சின்ன ஊரிலோ மலைப்பக்கமோ தங்கினால், அதே கட்டடத்தில் இருப்பவர்களிடம் உங்கள் அறைக்குள் எது எடுக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

2017 ஜூலையிலிருந்து பிரீபெய்ட் சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட்டை வாங்கியதும் சிம் வேலை செய்யாது. ஆன்லைனில் பெயர், முகவரி கொடுத்து, வீடியோ காலில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டைச் சில வீடியோ சேவைகள் ஏற்காமல் போவதுண்டு. அப்போது போஸ்ட்-இடென்ட் தாளை அச்சடித்து, பாஸ்போர்ட்டோடு தபால் நிலையத்துக்குப் போனால் அங்கே சரிபார்த்துத் தருவார்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் கடைக்கே நேரில் போய் வாங்குங்கள்; அங்கேயே முடித்துத் தருவார்கள். கடையில் போஸ்ட்பெய்ட் ஒப்பந்தத்தைத் தள்ளப் பார்ப்பார்கள். "பிரீபெய்ட் மட்டும்" என்று சொல்லி நில்லுங்கள்.

நம்மவர்களுக்கு இடறும் இடங்கள்:

சிம்மோடு ஒரு அட்டை வரும். அதில் 4 இலக்க பின் (PIN) எண்ணும், பூட்டினால் திறக்க 8 இலக்க பக் (PUK) எண்ணும் இருக்கும். ஊர் சிம்களில் பின் கேட்பதில்லை என்பதால் அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். போன் அணைந்து திரும்ப ஆன் ஆகும்போது பின் கேட்கும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பக் போட்டால்தான் திறக்கும், அதையும் பத்துத் தடவை தப்பாகப் போட்டால் சிம் செத்தது. அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பிளான் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு இல்லை, 28 நாளுக்கு. வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை கட்டுகிறீர்கள். புதுப்பிக்கும் நாளில் பேலன்ஸ் ஒரு சென்ட் குறைந்தாலும் பிளான் நிற்கும், அதன்பின் ஓடும் டேட்டா மிச்சமிருக்கும் பேலன்ஸைத் தின்றுவிடும். இரண்டு மூன்று யூரோ கூடுதலாகவே வைத்திருங்கள். டேட்டா தீர்ந்தால் நெட் அடியோடு நிற்காது, 64 கேபிஎஸ் போல இறங்கும். வாட்ஸ்அப் எழுத்து போகும், வேறெதுவும் நகராது.

இந்தியாவுக்கு நேரடிக் கால் பிளானில் சேராது. பழக்கதோஷத்தில் அம்மிச்சியின் எண்ணை அழுத்திப் பத்து நிமிஷம் பேசினால் மொத்த பேலன்ஸும் போகும். வாட்ஸ்அப் காலுக்கு ஜெர்மனியில் தடை எதுவும் கிடையாது. வளைகுடா நாடுகளில் இருக்கும் சிக்கல் இங்கே இல்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உள்ளூர் விலையிலேயே ரோமிங் ஓடும். சுவிட்சர்லாந்து அந்தக் கணக்கில் வராது. போடன் ஏரிக்கரை, பாசல் எல்லைப் பக்கம் போனால் ஜெர்மன் மண்ணில் நின்றிருக்கும்போதே போன் சுவிஸ் டவரைப் பிடிக்கும். அங்கே நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

பெயர், பெல், தபால்பெட்டி

இதை யாரும் வழிகாட்டிகளில் எழுதுவதில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு நெட் தாமதமாவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஜெர்மன் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. வாசலில் பெல் பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குடும்பப் பெயர். தபால்காரர், ரவுட்டர் கொண்டுவரும் பார்சல்காரர், டெக்னீஷியன் மூவரும் பெயரைத் தேடித்தான் வருவார்கள். பெயர் இல்லையென்றால் போன் போட்டுக் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். "ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். குடிபோன அன்றே பெல்லிலும் தபால்பெட்டியிலும் பெயரை ஒட்டுங்கள். அறையை வாடகைக்கு எடுத்தவராக இருந்தால் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே உங்கள் பெயர் வரட்டும்.

எந்தப் பெயர்? நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவோ, அப்பா பெயராகவோ, வெறும் இனிஷியலாகவோ இருக்கும். முகவரிப் பதிவுக்குப் பெயர் அன்மெல்டுங். குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டியது. அதில் அலுவலகம் உங்கள் பெயரை எப்படி எழுதித் தருகிறதோ, அதே எழுத்துகளை, அதே வரிசையில், பேங்க், சிம், நெட் ஒப்பந்தம், பெல் எல்லாவற்றிலும் போடுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் முழுப் பெயர் என்று போனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஆளாகப் பார்க்கும்.

மாடிக் கணக்கும் வேறு. தரைத்தளம் எர்ட்கெஷோஸ், அதற்கு மேல்தான் முதல் மாடி. மாடி ஏறியதும் இடப்பக்கம் லிங்க்ஸ், வலப்பக்கம் ரெஷ்ட்ஸ், நடுவில் மிட்டே. நெட்டுக்கு ஆர்டர் போடும்போது "இரண்டாம் மாடி, லிங்க்ஸ்" என்பது வரை எழுதினால்தான் சரியான வயர் சரியான வீட்டுக்கு வரும்.

வீட்டு நெட்: முதலில் சுவரைப் பாருங்கள்

மாணவர் விடுதியானால் வாடகையிலேயே நெட் சேர்ந்திருக்கும்; சுவரில் லேன் சாக்கெட் இருக்கும், ஒரு ரவுட்டர் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். விதிகளில் ரவுட்டருக்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் பகிரும் வேகே வீட்டில் ஏற்கெனவே ஒரு இணைப்பு இருக்கும், மாதப் பங்கு கொடுத்தால் போதும். தனி வீடு எடுத்தவர்களுக்கே இனி சொல்வது.

சுவரில் மூன்று விதமான சாக்கெட் இருக்கலாம். மூன்று நீள்வெட்டுத் துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது டிஏஇ, பழைய டெலிபோன் செம்புக் கம்பி. அதில் டிஎஸ்எல் வரும். டிவி கேபிள் போல் வட்டத் துளைகளும், நடுவில் திருகு உள்ள ஒன்றும் இருந்தால் கோஆக்ஸ் கேபிள். சின்ன வெள்ளைப் பெட்டியும் பச்சை நுனி வைத்த மெல்லிய வயரும் இருந்தால் கிளாஸ்ஃபேஸர், நம் ஊர் ஃபைபர்.

டிஎஸ்எல்லில் 50, 100, 250 எம்பிபிஎஸ் என்று விற்பார்கள். முகவரிக்கும் தெருமுனைப் பெட்டிக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து எது கிடைக்கும் என்பது மாறும். 100-க்கு அப்லோடு 40. 250 எடுத்தாலும் அப்லோடு அதே 40-தான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு 100 தாராளம். கேபிளில் 1000 வரை கிடைக்கும், அப்லோடு 50-தான். அதோடு கட்டடத்தில் எல்லோரும் ஒரே கேபிளைப் பகிர்வதால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேகம் படுக்கும். ஃபைபர் இருந்தால் யோசிக்காமல் ஃபைபர். ஆனால் "விரைவில் வருகிறது" என்று சொல்லி வீட்டு வாசலில் வந்து கையெழுத்துக் கேட்பவர்களிடம் அப்போதே போடாதீர்கள். தெருவில் வயர் புதைத்து வீட்டுக்குள் வருவதற்கு வருஷம் ஆகலாம்.

மூன்றுமே சரிப்படாவிட்டால், அல்லது ஆறு மாதத்தில் வீடு மாறுவீர்கள் என்றால், 5ஜி ரவுட்டர். வோடஃபோனின் கிகாக்யூப், ஓ2-வின் ஹோம்ஸ்பாட் போன்றவை. பிளக்கைச் செருகினால் நெட், டெக்னீஷியன் தேவையில்லை. மாதாமாதம் நிறுத்தக்கூடிய வகையை மட்டும் எடுங்கள், மாத விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும்.

கையெழுத்துக்கு முன் கணக்கு

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை முதல் ஆறு மாதத்துக்குத்தான். உதாரணத்துக்கு: முதல் 6 மாதம் 19.99 யூரோ, அடுத்த 18 மாதம் 44.99, இணைப்புக் கட்டணம் 69.99, ரவுட்டர் வாடகை மாதம் 5. கூட்டினால் 119.94 + 809.82 + 69.99 + 120 = 1119.75. இதை 24-ஆல் வகுத்தால் மாதம் 46.66. அந்த 19.99 எங்கே, இந்த 46.66 எங்கே. செக்24, வெரிவாக்ஸ் தளங்களில் ஒப்பிடும்போதும் இந்த மொத்தத்தையே பாருங்கள். கேஷ்பேக் என்றால் அதைக் கேட்டு வாங்க வேண்டிய தேதி ஒன்று ஒளிந்திருக்கும், காலண்டரில் குறித்து வையுங்கள்.

ரவுட்டரை வாடகைக்கு எடுக்க வேண்டிய கட்டாயம் 2016 ஆகஸ்டோடு போயிற்று. பழைய ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போடலாம். டிஎஸ்எல்லுக்கும் கேபிளுக்கும் வேறு வேறு மாடல், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கும் இடங்கள், 2021 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி: முதல் ஒப்பந்தம் 24 மாதத்துக்கு மேல் போகக்கூடாது, அது முடிந்ததும் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸில் நிறுத்தலாம், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தச் சுருக்கத்தை எழுத்தில் தர வேண்டும். ஆன்லைனிலோ போனிலோ வாசலிலோ எடுத்ததை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். கடைக்குள் போய்ப் போட்ட கையெழுத்துக்கு இந்த 14 நாள் கிடையாது. அதனால் கடையில் விசாரித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஆன்லைனில் எடுங்கள்.

பணம் கட்ட ஐபான் எனும் பேங்க் கணக்கு எண் வேண்டும், மாதாமாதம் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பிளாக்டு அக்கவுண்ட்டில் இருந்து எடுக்க முடியாது. அதிலிருந்து மாதம் விடுவிக்கும் பணம் வந்து சேரும் சாதாரண ஜிரோ கணக்கின் ஐபானைக் கொடுங்கள். ஷூஃபா என்கிற நிறுவனம் வைத்திருக்கும் கடன் வரலாறு புதிதாக வந்தவருக்கு இருக்காது. போஸ்ட்பெய்ட் மொபைலுக்கு இதனால் மறுப்பது சகஜம். பிரீபெய்டில் காத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

டெக்னீஷியன் வரும் நாள்

டிஎஸ்எல்லுக்கு ஆர்டர் போட்டால் தேதி கிடைக்கவே சில வாரம் ஆகும். தேதி என்றால் மணி இல்லை, "8 முதல் 12 வரை" என்று ஒரு இடைவெளி. அந்த நாலு மணி நேரமும் வீட்டில் இருக்க வேண்டும். பெல் சத்தம் கேட்கிறதா என்று முந்தின நாளே ஒருவரை அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.

கட்டடத்துக்கு வரும் கம்பிகள் கெல்லரில் ஒரு பெட்டியில் முடியும். டெக்னீஷியன் முதலில் அங்கேதான் இறங்குவார். கெல்லர் பூட்டியிருந்தால் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹவுஸ்மைஸ்டர் எனும் கட்டடப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சாவி இல்லாமல் திரும்பிப் போனால் அடுத்த தேதிக்கு மறுபடி வாரங்கள்.

இன்னொரு தொல்லை: முன்பு குடியிருந்தவர் தன் இணைப்பை நிறுத்தாமல் போயிருந்தால் அந்தக் கம்பி "பிஸி" என்று காட்டும். வீட்டு ஒப்பந்தம் போடும்போதே பழைய குடித்தனக்காரரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு ஆர்டரில் எழுதினால் சீக்கிரம் தீரும். ஃபைபரானால் சுவர்ப்பெட்டியில் உள்ள ஹோம் ஐடியைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

டெக்னீஷியன் வராமலே போனால், தப்பு உங்களுடையதல்ல என்றால், இழப்பீடு உண்டு: 10 யூரோ அல்லது மாதச் சந்தாவில் 20 சதவீதம், எது அதிகமோ அது. கேட்டால்தான் தருவார்கள்.

வந்த நெட் ஓடாவிட்டால்

முழுதாக நின்றுபோனால் உடனே புகார் பதியுங்கள். எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். கணக்கு அந்தப் பதிவிலிருந்துதான் ஓடும். இரண்டு நாளில் சரி செய்யாவிட்டால் 3, 4-ஆம் நாள்களுக்கு நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது சந்தாவில் 10 சதவீதம், 5-ஆம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 சதவீதம்.

வேகம் குறைவு என்றால், முதலில் வைஃபையா வயரா என்று பிரியுங்கள். லேப்டாப்பை லேன் வயரில் ரவுட்டரோடு சேர்த்து அளந்து பாருங்கள். வயரில் சரியாக வந்தால் குறை உங்கள் வீட்டுக்குள்தான். பழைய ஜெர்மன் கட்டடங்களின் தடித்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டுவதில்லை. ரவுட்டரைத் தரையிலிருந்தும் ஹீட்டருக்குப் பின்னாலிருந்தும் எடுத்து மேலே வையுங்கள்.

வயரிலும் குறைந்தால் அரசின் ஒழுங்குமுறை அமைப்பான பூண்டெஸ்நெட்ஸ்அகென்டூர் தரும் பிரைட்பேண்ட்மெஸ்ஸுங் என்ற ஆப்பைக் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். மூன்று வெவ்வேறு நாள்களில், நாளுக்கு 10 என்று 30 அளவுகள். அளக்கும் நாள்களுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி வேண்டும், ஒரே நாளில் 5-ஆவது அளவுக்கும் 6-ஆவது அளவுக்கும் நடுவே மூன்று மணி நேரம். எல்லாம் லேன் வயரில்தான், வைஃபையில் எடுத்தது செல்லாது. குறைபாடு நிரூபணமானால் சந்தாவைக் குறைக்கவோ, ஒப்பந்தத்தை முறிக்கவோ உரிமை உண்டு. போனில் சண்டை போடுவதைவிட இந்த அறிக்கையை மெயிலில் அனுப்புவது வேகமாக வேலை செய்யும்.

டோரன்ட்: வேண்டவே வேண்டாம்

புதுப்படத்தை டோரன்டில் இறக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் அதே படத்தைப் பிறருக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும். உரிமைதாரரின் வக்கீல் நிறுவனங்கள் ஐபி முகவரியைப் பிடித்து, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அப்மானுங் எனும் கடிதம் அனுப்பும். நூற்றுக்கணக்கான யூரோ கேட்பார்கள். ஐந்து பேர் பகிரும் வீட்டில் யாரோ ஒருவர் செய்தாலும் கடிதம் ஒப்பந்தக்காரர் தலையில்தான் விழும். அதனால் வீட்டு நெட் உங்கள் பெயரில் இருந்தால், விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை தனியாகத் திறந்து கொடுங்கள். கடிதம் வந்துவிட்டால் அதில் உள்ள தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். மாணவர் அமைப்பின் சட்ட ஆலோசனைக்கோ நுகர்வோர் மையத்துக்கோ கொண்டுபோங்கள். குப்பையில் போடுவதும் தப்பு, கடிதத்தில் கெடு தேதி இருக்கும்.

மாதம் 18.36 யூரோ கேட்டு இன்னொரு கடிதமும் வரும். அது நெட் பில் இல்லை, ரேடியோ-டிவி கட்டணம். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று கட்டியாக வேண்டும். பகிரும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். கட்டுகிறவரின் கட்டணக் கணக்கு எண்ணைப் பதிலில் எழுதி அனுப்புங்கள்.

ஊர்ப்பக்கத்து முனை

வீடியோ கால் விட்டுவிட்டு வந்தால் எல்லோரும் ஜெர்மன் நெட்டைத் திட்டுவார்கள். பாதி நேரம் கோளாறு காங்கேயத்திலோ கோபியிலோ இருக்கும். பிஎஸ்என்எல் ஃபைபரோ, லோக்கல் கேபிள்காரரின் ஃபைபரோ, வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். அதில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே வயர் அறுந்திருக்கிறது. பெட்டியை ஆயிரம் தடவை அணைத்துப் போட்டாலும் வராது, ஆள்தான் வர வேண்டும். இந்த ஒன்றை மட்டும் அப்பாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கரண்ட் போனால் நெட்டும் போகும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் போட்டுவிடுங்கள். பெட்டியின் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். தோட்டத்துச் சாளையில் ஃபைபர் வராத இடங்களில், இரண்டு கம்பெனி சிம்மை அங்கேயே வைத்துச் சோதித்து, நன்றாக எடுப்பதை அம்மா போனில் போடுங்கள். கிணத்து மோட்டார் பக்கம் மாட்டிய கேமராவை ஜெர்மனியிலிருந்து பார்க்க நினைத்தால், வேகத்தைத் தீர்மானிப்பது தோட்டத்து இணைப்பின் அப்லோடுதான். ஆப்பில் குறைந்த தரத்துக்கு மாற்றினால் தடங்கல் இல்லாமல் ஓடும்.

நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் நாள்கள். அங்கே சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டால் ஊரில் பத்தரை, இல்லை பதினொன்றரை. அப்பிச்சி தூங்கியிருப்பார்.

வீடு மாறும்போதும் திரும்பும்போதும்

ஜெர்மனிக்குள் வீடு மாறினால் இணைப்பைக் கூடவே எடுத்துப் போகலாம். ஒப்பந்தக் காலமும் விலையும் அப்படியே தொடரும். புது முகவரியில் அந்தக் கம்பெனியால் தர முடியாவிட்டால் ஒரு மாத நோட்டீஸில் முறிக்கலாம். நாட்டை விட்டே போகிறீர்கள் என்றால் முகவரி நீக்கச் சான்றிதழான அப்மெல்டுங்கின் நகலை வைத்து வீட்டு இணைப்பை முறிக்கக் கேளுங்கள். மொபைல் ஒப்பந்தத்துக்கு இந்த வழியை நம்ப வேண்டாம். திரும்பும் தேதி தெரியாதவர் 24 மாத மொபைல் எடுக்கவே கூடாது என்று சொல்வது அதனால்தான்.

2022 ஜூலையிலிருந்து ஆன்லைனில் எடுக்கக்கூடிய ஒப்பந்தங்களுக்குக் கம்பெனியின் தளத்தில் ரத்துப் பட்டன் இருக்க வேண்டும். அதை அழுத்தியதும் உறுதி மெயில் வர வேண்டும், வராவிட்டால் ரத்தாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ரவுட்டரை அடாப்டர், வயர் சகிதம் பெட்டியில் போட்டு, அவர்கள் தரும் ரிட்டர்ன் லேபிளை ஒட்டி அனுப்புங்கள். உள்ளே வைக்கும் முன் சீரியல் எண்ணைப் போட்டோ எடுங்கள். தபால் ரசீதையும் ஒரு வருஷம் வைத்திருங்கள், ரவுட்டர் வரவில்லை என்ற பில் நீங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் வரும். கடைசி பில் போகும் வரை ஜிரோ கணக்கை மூடாதீர்கள். பணம் எடுக்க முடியாமல் திரும்பினால் அபராதம் சேர்ந்து வசூல் நிறுவனத்துக்குப் போய்விடும்.